கல்லால ஒரு திரி

2014 மார்கழி. லண்டன், ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறை. மூன்று பேர் இருந்தோம். நான் படிக்கப் போனவன்தான், ஆனால் வகுப்பில் இருந்ததைவிடப் பெற்றோல் ஸ்டேஷனில் நின்ற நேரம்தான் கூட. இரவு வேலையில் விடியிறதுக்குள்ள பத்து சிகரெட் முடிந்துவிடும். குளிர், தனிமை, நித்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். உண்மையில் பழகிப்போச்சு, அவ்வளவுதான்.

அறையிலிருந்த மச்சான் (சொந்த மச்சான் இல்லை, அங்க எல்லாரும் மச்சான்தானே) அப்போதே வேப்புக்கு மாறியிருந்தான். கடையில் வாங்கி ஊதிவிட்டு எறிகிற சாமான் இல்லை. தானே கம்பி சுற்றி, தானே திரி வைக்கிற அட்டோமைஸர். "சிகரெட்டை விடோணும் எண்டா கைக்கு ஒரு வேலை வேணுமடா" என்று சொல்லி எனக்கும் ஒன்று வாங்கித் தந்தான்.

தெரியாதவைக்குச் சுருக்கமாச் சொல்லுறன். உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதுக்குள்ளால ஒரு திரி. திரியின்ர இரண்டு நுனியும் ஜூஸுக்குள்ள தோய்ந்திருக்கும். பற்றறி கம்பியைச் சூடாக்க, திரியில் ஏறின ஜூஸ் ஆவியாகும். பொருளாதாரத் தடை நேரம் எங்கட வீட்டில எரிஞ்சதா அம்மா சொல்லுற ஜாம் போத்தல் விளக்கும் இதே கணக்குத்தான். எண்ணெய் மேலே ஏறவேணும், திரி எரியக்கூடாது. எண்ணெய் முடிஞ்சால்தான் திரி எரியத் தொடங்கும்.

என்ர பிரச்சினையும் அதுதான். நாங்கள் பாவிச்சது பஞ்சு. பஞ்சு ஜூஸை நல்லா உறிஞ்சும், சுவையும் நல்லது. ஆனால் இருநூறு பாகைக்குக் கொஞ்சம் மேலே போனால் கருகத் தொடங்கிவிடும். ஜூஸ் இருக்கும்வரை சூடு அவ்வளவுக்கு ஏறாது. முடிஞ்சது தெரியாமல் ஒரு இழுவை இழுத்தால் தொண்டையில் ஊசி குத்தின மாதிரி இருக்கும். இரவு இரண்டு மணிக்கு, கல்லாவுக்குப் பின்னால நிண்டுகொண்டு, கருகின பஞ்சை இழுத்துவிட்டு இருமினால் அடுத்த நிமிஷம் கை சிகரெட் பெட்டியைத் தேடும். இரண்டு தரம் அப்படி வழுக்கினேன். (அந்தக் கம்பிக்குப் பெயர் காந்தல். சுவீடன்காரர் வைத்த பெயர், எங்கட அடிப்பிடிச்ச சோத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.)

மச்சான் குவார்ட்ஸ் திரியைப் பற்றிச் சொன்னான். கல்லை உருக்கி நூலாய் இழுத்து முறுக்கின கயிறு. 1600 பாகைக்கு மேல் போனால்தான் இளகும். கருகவே கருகாது. அழுக்குப் பிடித்தால் ஜூஸ் இல்லாமல் கம்பியைச் சிவக்கவிட்டு எரிக்கலாம், திரி திரும்ப வெள்ளையாகும். அடிக்கணக்கில் விற்றார்கள். மூன்று அடி வாங்கினேன்.

வேலை செய்தது. பஞ்சு மாதிரி இழைக்குள்ளேயே உறிஞ்சி வைக்காது, இழைகளுக்கு இடையால மட்டும்தான் ஜூஸ் ஏறும். அதனால் கொஞ்சம் மந்தம். அடுத்தடுத்து இழுக்க ஏலாது, பொறுக்கவேணும். ஆனால் அந்தக் கருகல் இல்லை. மூன்று கிழமை ஒரு சிகரெட்டும் தொடவில்லை. அதற்கு முதல் என்னால் நாலு நாளும் தாங்க முடிந்ததில்லை.

ஒரு நாள் புதுத் திரி வெட்டேக்க விரல் கடித்தது. லைற்றுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். வெட்டின நுனியிலிருந்து மெல்லிய மயிர்கள் உதிர்ந்து மேசையில் மினுங்கிக்கொண்டு கிடந்தன. ஊதினால் பறந்தன.

எனக்கு அந்த இடத்தில் பெரிய மாமா ஞாபகம் வந்தார்.

அம்மாவின்ர தமையன். 95 இடப்பெயர்வோட வடமராட்சியை விட்டு வெளிக்கிட்டு, கடைசியா வவுனியாவில் கல்லுடைக்கிற ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். பன்னிரண்டு வருஷம். சிகரெட் இல்லை, வெத்திலை இல்லை, சாராயம் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வரேக்க கண்ணிமை மயிர் வெள்ளையாய் இருக்கும். பிறகு இருமல். முதலில் கசம் என்று சொல்லி ஆறு மாதம் மருந்து குடுத்தார்கள். சளியில் கிருமி ஒன்றும் இல்லை, இருமலும் நிக்கேல்லை. கொழும்புக்குக் கொண்டுபோன பிறகுதான் சிலிக்கோசிஸ் என்றார்கள். கல்லுத்தூசியால் நுரையீரல் தழும்பாகிப் போகிற வருத்தம். மாற்றுகிற மருந்து இல்லை. "நெஞ்சுக்குள்ள சீமெந்து இறுகின மாதிரிக் கிடக்கு தம்பி" என்று ஒருக்கால் சொன்னவர். 2011இல் போய்விட்டார்.

கருங்கல்லுக்குள் இருந்து அவருக்குள் போனதும் குவார்ட்ஸ்தான்.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொல்லிவிட்டு இரவு முழுக்க வாசித்தேன். வாசிக்க வாசிக்கத் தெளிந்தது, ஆனால் நிம்மதி வரவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே இரசாயனம்: சிலிக்கன் ஒரு பங்கு, ஒட்சிசன் இரண்டு பங்கு. வித்தியாசம் அடுக்கில். கல்லில் இருக்கிற குவார்ட்ஸ் பளிங்கு; அணுக்கள் ஒழுங்காய் அடுக்கியிருக்கும். திரியில் இருப்பது உருக்கி இழுத்தது. அந்த அடுக்கு குலைந்துவிட்டது, உண்மையில் அது கண்ணாடி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் வேலைத்தலங்களில் சுவாசிக்கிற பளிங்குச் சிலிக்காவை முதலாம் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று போட்டது. பளிங்கில்லாத சிலிக்காவை அப்படிப் போடவில்லை, வகைப்படுத்தப் போதிய சான்றில்லை என்று மூன்றாம் பிரிவில் விட்டது. கண்ணாடி திரும்பவும் பளிங்காக ஆயிரம் பாகைக்கு மேல் நீண்ட நேரம் கிடக்கவேணும். என்ர கம்பி சில செக்கன்தான் சிவக்கும். இழையின் தடிப்பும் முக்கியம். மூன்று மைக்குரோமீற்றருக்கு மெல்லிய இழைதான் நுரையீரலின் அடி வரைக்கும் போகும் என்று கணக்கு. இந்தத் திரியின் இழை அதைவிடத் தடிப்பு. முறிந்தாலும் குறுக்காலதான் முறியும், அஸ்பெஸ்ரஸ் மாதிரி நீளப்பாட்டுக்குப் பிளந்து மெலியாது.

வல்லிபுரக் கோயிலடி மணலும் பெரும்பாலும் இந்தக் குவார்ட்ஸ்தான் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அதில் உருண்டு விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தது. அந்த மணி பெரிது, நெஞ்சுக்குள் போகாது. ஆளைக் கொல்லுவது புதிதாய் உடைந்த, கண்ணுக்குத் தெரியாத தூசு.

விடிய மச்சானுக்கு எல்லாம் சொன்னேன். "அப்ப பிரச்சினை இல்லைத்தானே, கண்ணாடி எண்டு நீயே சொல்லுறாய்" என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. தாளில் பார்த்தால் நான் பயந்ததுக்கு நியாயம் குறைவு. சிகரெட்டோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு. சிகரெட் என்ன செய்யும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் வாசித்ததெல்லாம் ஆலையில், சுரங்கத்தில், கண்ணாடி இழைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆட்களைப் பற்றினது. சூடான கம்பியில் சுற்றின திரியை வாயில் வைத்து ஒரு நாளைக்கு இருநூறு தரம் இழுக்கிற ஆளைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அந்த ஆலையிலும் "ஒண்டும் செய்யாது, துணியைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ" என்றுதானே மாமாவுக்குச் சொன்னவை.

பஞ்சுக்குத் திரும்பினேன். இந்த முறை ஜூஸ் மட்டத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்தேன், வேலைக்குப் போகேக்க சின்னப் போத்தல் ஒன்று சட்டைப் பையில். இடையில் ஒருக்கால் ஒரு முழுப் பெட்டி சிகரெட் குடித்தேன், அதையும் சொல்லத்தான் வேணும். மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கொட்டினில் தொடங்கி 12, 6, 3 என்று இறக்கி, 2016 கடைசியில் வேப்பையும் விட்டேன். மச்சான் இன்னும் குவார்ட்ஸ்தான். சுகமாய் இருக்கிறான். போன மாதமும் கதைச்சனான்.

மிச்சத் திரி, இரண்டு அடியளவு, எப்படியோ என்ர சூட்கேஸோட ஊருக்கு வந்திருக்கு. போன வருஷம் மாமாவின்ர திவசத்துக்குப் போயிருந்தேன். விளக்குத் திரி முடிந்துவிட்டது என்று மச்சாள் வீடெல்லாம் தேடித் திரிந்தா. சாமான் எடுக்க என்ர பையைத் திறந்தவ, அந்த வெள்ளைக் கயிற்றைக் கண்டுவிட்டு, "இது திரி மாதிரித்தானே கிடக்கு, எடுக்கட்டோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். கத்தரிக்கோலை அவவிடம் குடுக்காமல் நானே வெளியில் கொண்டுபோய் வெட்டி, நுனியைத் தண்ணியில் நனைத்துக் கொண்டுவந்து குடுத்தேன்.

சுடர் சின்னனாய்த்தான் நிண்டது. பின்னேரம் வரை எரிந்தது. எண்ணெய் மட்டும்தான் குறைந்தது. "நல்ல திரியா இருக்கே, எங்க வாங்கினது?" என்று மச்சாள் கேட்டா. லண்டனில் என்று மட்டும் சொன்னேன்.