திருவாமாத்தூரில் அணில் பார்க்கலாம்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில், அபிராமேஸ்வரர் கோயில் பக்கம் காலையில் மரத்தடியில் நின்றால், ‘கீச் கீச்’ சத்தமே அணிலைக் காட்டிவிடும். முதுகில் மூன்று வெள்ளை வரி இருந்தால் நம்மூர் அணில். வடநாட்டில் பெரும்பாலும் ஐந்து வரி அணில்.

அணில் பகலில்தான் மேயும். எலி இரவில் வரும். தென்னந்தோப்பில் ஓட்டை விழுந்த இளங்காய் உதிர்கிறதா? மாலையில் அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். விடியுமுன் புதிதாகக் கிடந்தால், அது எலி வேலையாக இருக்கலாம். தனித்து நிற்கும் மரங்களில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் தகரப்பட்டை கட்டினால் எலி ஏறாது. விஷம் வைத்தால் அணிலும் சாகும், எலி பிடிக்கும் ஆந்தையும் சாகும்.

பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சும் வட்டப்பாறை உள்ள ஊர் இது. கண்ணால் பார்க்காமல் அணில்மேல் பழி போடலாமா?