கொளுவ ஓரிடம்

"எங்க தம்பி கொளுவுற?"

லொறிக்கார நானா நனைந்த சாக்கு ஒன்றை ரோட்டில் விரித்துப் படுத்து, என் காருக்கு அடியில் டோர்ச் அடித்தபடி கேட்டார். ஐப்பசி மழை. ஹந்தானை ரோட்டில், பழைய தேயிலைத் தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு வளைவு. மேலிருந்து வந்த வேனுக்கு இடம் விடப்போய், என் காரின் இடது பக்கச் சில்லுகள் இரண்டும் கானுக்குள் இறங்கிவிட்டன. கண்டியைச் சுற்றி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம், மேட்டோரம் முழங்கால் ஆழத்துக்குக் கான். பள்ளத்தில் போவதைவிடக் கானில் விழுவது மேல் என்று மனதைத் தேற்றிக்கொள்வோம்.

நானா அக்குறணைக்காரர். மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிறவர், கேட்காமலே நிறுத்தினார். அவரிடம் கயிறு இருந்தது. லொறியின் பின்னால் கொக்கி இருந்தது. என் காரில்தான் எதுவும் இல்லை. கண்ணுக்குப் பட்டதெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் தகடு.

"மேலுக்கு வடிவா இரிக்கி. கீழுக்கு ஒண்டுமில்லயே."

"சில்லுப் பக்கம் எங்கயாவது கட்டினா என்ன, நானா?"

"ஆம்ல கட்டி இழுத்தா வண்டி வரும் தம்பி. பொறகு சில்லு ஒரு பக்கம் பாக்கும், நீங்க ஒரு பக்கம் பாப்பீங்க."

மழையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அப்பாவின் சன்னியும் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் அப்பா ஒரு நிசான் சன்னி வைத்திருந்தார். அதன் முன் பம்பருக்குக் கீழே, கட்டைவிரல் தடிப்பில் இரண்டு இரும்புக் கொக்கிகள். குனியாமலே தெரியும். துருப்பிடித்த மூக்குத்திகள் என்று அம்மா சொல்வார். டிக்கியில் நீல நைலோன் கயிறு ஒன்று எப்போதும் சுருண்டு கிடக்கும். கொழும்பிலிருந்து வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டு மூன்று கார்களாவது சூடேறி, பொனட்டைத் திறந்தபடி நிற்கும். டோசன் கோபுரத்தடியில் அப்பா நிறுத்தி, யாரென்று தெரியாதவரின் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கண்டிக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. கட்டும்போது சிங்களத்தில் நாலு வார்த்தை, அவிழ்க்கும்போது நாலு வார்த்தை. கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும், தளர்ந்து திடீரென்று இழுபட்டால் அறுந்துவிடும், ஆகவே இறக்கத்தில் பிரேக்கைப் பின்னாலிருப்பவர்தான் பிடிக்க வேண்டும். அந்த நாலு வார்த்தையில் பாதி இதுதான்.

அந்தக் கொக்கிகளைப் பற்றிப் பின்னாளில் ஒரு கராஜ் பாஸ் சொன்னது எனக்குப் புதுமையாக இருந்தது. ஜப்பான் கார்களின் அடியில் இருந்த கொக்கிகளில் பல, ரோட்டில் இழுப்பதற்காக வைத்தவை அல்ல. கப்பலில் கட்டுவதற்காக வைத்தவை. கார்கள் தாமாகவே ஓடி ஏறி, ஓடி இறங்கும் கப்பல்கள் இருக்கின்றன. 2012 முதல் அம்பாந்தோட்டைக்கு வருகிறவை அவைதான். தளம் தளமாக நிறுத்திய கார்கள் அலையில் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, பட்டி போட்டுத் தரையோடு கட்டுவார்கள். அதற்கான காது அது. கீழ்நோக்கிய இழுப்பைத் தாங்கும். பக்கவாட்டில் வெட்டி இழுத்தால் வளைந்துவிடலாம். கட்டுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று என்று செய்தவன் பிரித்து வைத்திருந்தான். நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கி, எது கைக்கு எட்டியதோ அதில் கயிற்றைப் போட்டோம். சன்னியும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதைய கார்களில் இழுவை வளையம் இல்லாமல் போகவில்லை, ஒளிந்துகொண்டது. பம்பரின் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் சிறு மூடி இருக்கும். அதைக் கிளப்பினால் உள்ளே மரை போட்ட துளை. அதில் திருக வேண்டிய வளைய போல்ட் டிக்கியின் அடியில், ஜெக், ஸ்பனரோடு ஒரு பையில் கிடக்கும். சில ஐரோப்பியக் கார்களில் அது இடப்பக்கமாகத் திருகினால்தான் இறங்கும். தெரியாதவர் வலப்பக்கம் திருகிவிட்டு "மரை போய்விட்டது" என்பார். ஒளித்ததற்குக் காரணங்களும் உண்டு. கீழே மூடித் தகடு போட்டால் காற்று தடையின்றி வழுக்கிப் போகும், எண்ணெய் மிச்சமாகும். முன்புறம் மழமழப்பாக இருந்தால் குறுக்கே வந்தவருக்குக் காயம் குறையும். பார்வைக்கும் அழகு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதி, காரின் முன்புறத்தில் இழுவை வளையம் கட்டாயம் என்றது. வண்டியின் உச்ச எடையில் பாதிக்குச் சமமான இழுப்பை அது தாங்க வேண்டும் என்றது. வெளியே தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை.

அன்று ஹந்தானையில் மூடியைக் கண்டுபிடித்தது நானாதான். நகத்தால் கிளப்பி, துளையைக் காட்டி, "இதுக்குரிய சாமான் எங்க?" என்றார். டிக்கியின் கார்ப்பட்டைத் தூக்கினேன். ஜெக் இல்லை, ஸ்பனர் இல்லை, போல்ட்டும் இல்லை. பாவித்த வண்டியாக ஜப்பானிலிருந்து வந்து, இங்கேயும் மூன்று கை மாறிய கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ஓடுகிற எதுவும் பொன். விற்றவர் சொன்ன விலைக்குத் தலையாட்டினேன். இஞ்சினைப் பார்த்தேன், ஏசியைப் பார்த்தேன், ஓடிய கிலோமீற்றரைப் பார்த்தேன். கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ச் சில்லுக்கடியில் தேசிக்காயும் நசுக்கினேன். டிக்கிக் கார்ப்பட்டைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

தூக்கிப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். டிக்கிக்குள் சாமான் கட்டும் வளையங்களும் இந்தக் காரில் இல்லை. அதை எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்தது ஒரு காஸ் சிலிண்டர். கட்டுகஸ்தோட்டையில் ஏற்றிக்கொண்டு வரும் 12.5 கிலோ சிலிண்டர், வெறுமையானதோ நிறைந்ததோ, ஹந்தானை வளைவு ஒவ்வொன்றுக்கும் டிக்கியின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் இடிக்கும். கட்ட ஒரு காது வேண்டுமே. இப்போது பின் சீற்றுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் இறுக்கி நிறுத்தி, மனைவி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

நகராமல் நிற்கக்கூடியது எதுவோ, அதற்குக் காது வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும். தேர் தானாக ஓடாது என்று தச்சனுக்குத் தெரியும். அதனால் சிற்பம் எவ்வளவு நுணுக்கமானாலும், வடம் பூட்டும் இரும்பு வளையம் முகப்பிலேயே கையளவு பெரிதாக நிற்கும். அதை யாரும் அவலட்சணம் என்று சொன்னதில்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முனையிலும் கொளுவி. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பாதை ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயரும். நீராவிக் காலத்தில் முன்னால் ஓர் இஞ்சின் போதாமல், தள்ளிவிட இன்னோர் இஞ்சினைப் பின்னால் சேர்த்தார்கள். தனியாக ஏற முடியாது என்பது அந்த மலையில் கணக்கு, வெட்கமில்லை.

காருக்குத்தான் அந்த வெட்கம் வந்துவிட்டது. நின்றுபோனால் கம்பனிக்கு போன் பண்ணுங்கள், கேரியர் வந்து முழுதாகத் தூக்கிப்போகும் என்கிறது கையேடு. அது சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இஞ்சின் நின்ற காரில் இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும். முன் சில்லு இழுவையில் ஓடும் ஹைபிரிட் காரை, அந்தச் சில்லுகள் உருள உருளக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் எடுக்கும், பழுது பெரிதாகும். அதைச் சில்லு தரையில் படாமல்தான் கொண்டுபோக வேண்டும். அப்பாவின் கயிற்றால் எல்லா வண்டியையும் இழுக்கலாம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கேரியரில் ஏற்றுவதற்கும் முதலில் வண்டியைக் கானிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதற்கும் அதே வளையம்தான் வேண்டும். அன்றிரவு போனில் கேட்டபோது, கேரியர் வர இரண்டு மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள்.

நானா போனைக் காதில் வைத்து யாரையோ கூப்பிட்டார். கீழேயிருந்த ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆறு பேர், லைனிலிருந்து சாக்குத் தலையில் போட்டபடி மூன்று பேர். என் கார் ஏறக்குறைய 800 கிலோ. கல்லெடுத்துக் கானில் போட்டார்கள், ஒரு பலகையைச் சாய்த்தார்கள். தூக்கப் போனபோது அவர்களுக்கும் நானா கேட்ட அதே கேள்வி. எங்கே பிடிப்பது? ஒருவர் பம்பரில் கை வைத்தார். அது கிளிப் கழன்று "டக்" என்றது. "பம்பர் அல்லன்ட எப்பா!", பம்பரைப் பிடிக்க வேண்டாம் என்று ஆட்டோக்காரர் ஒருவர் சிங்களத்தில் கத்தினார். கடைசியில் சில்லின் மேல் வளைவுக்குள் விரலை மடக்கிப் பிடித்து, சேற்றில் கால் வழுக்க வழுக்க, "ஏலேலோ" இல்லாமல் ஒரே மூச்சில் தூக்கினார்கள். நான் ஸ்டியரிங்கில். கார் ரோட்டுக்கு வந்தது. ஒருவரின் விரல் கிழிந்திருந்தது. தகரத்தின் உள்விளிம்பு கைப்பிடிக்காகச் செய்ததல்ல. நான் நீட்டிய காசை வாங்கியவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. நானா வாங்கவில்லை.

"தம்பி, அந்த போல்ட்ட வாங்கிப் போடுங்க. நாளைக்கு நான் வந்தாலும் எனக்குக் கொளுவ எடம் வேணும்."

அந்த வார்த்தையில் எனக்கு உறைத்தது வேறு. என் காரில் வளையம் இல்லாதது என்னை மட்டும் தொட்ட குறை என்று நினைத்திருந்தேன். உதவ வந்தவருக்குத்தான் அது முதல் குறை. கயிறோடு நிறுத்துகிறவனை வெறுங்கையோடு நிற்க வைத்துவிட்டேன். விரல் கிழிந்தது அவர்களுக்கு, எனக்கல்ல.

பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் போல்ட் வாங்கினேன். முதலில் கொண்டுவந்தது இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது, மரை வேறு. மொடலைச் சொல்லி மாற்றியபோதுதான் கடைசி மரை வரை இறங்கியது. நீலக் கயிறும் ஒன்று வாங்கிப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது டிக்கிக் கார்ப்பட்டைத் தூக்கிப் பாருங்கள். போல்ட் இருந்தால் பம்பர் மூடியைக் கழற்றி ஒருமுறை முழுதாகத் திருகிப் பாருங்கள். பாதியில் நின்ற மரையில் கயிறு கட்டினால் போல்ட் கல் மாதிரிப் பறந்து வரும். போல்ட்டே இல்லையென்றால் மொடலைக் குறித்துக்கொண்டு அந்த வாரமே வாங்குங்கள். ஐப்பசிக்கு முன்னால் செய்தால் நல்லது.