கல் மாளிகையும் பீரோ மறைச்ச ஜன்னலும்

1/ போன வருஷம் லீவுல இங்கிலாந்து போயிருந்தேன். அங்க டாக்டரா இருக்கிற பேட்ச்மேட், டெர்பிஷயர்ல ஹார்ட்விக் ஹால்னு ஒரு பழைய கல் மாளிகைக்குக் கூட்டிட்டுப் போனான். அதைப் பத்தி ஒரு த்ரெட்.

2/ கட்டினது பெஸ் ஆஃப் ஹார்ட்விக்ங்கிற அம்மா. 1590-ல் ஆரம்பிச்சு 1597-ல் குடியேறிட்டாங்க. முதலாம் எலிசபெத் ராணி காலத்துப் பெரும் பணக்காரி. கோபுர உச்சியில தன் பேரோட முதல் எழுத்துகளையே கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க.

3/ வீடு முழுக்க மணற்கல். ஆனா முன்னாடி நின்னு பார்த்தா கல்லைவிடக் கண்ணாடிதான் அதிகமா தெரியும். அன்னைக்குக் கண்ணாடி பயங்கர விலை. அதனால ஜன்னல்தான் பணக்காரத்தனத்தோட அடையாளம்.

4/ இன்னொண்ணு கவனிச்சேன். மாடி ஏற ஏற ஜன்னல் உயரமாகுது. கீழ சமையலறை, வேலையாட்கள். நடுவுல பெஸ். மேல ராணி மாதிரி விருந்தாளிகளுக்கான அறைகள், அங்கதான் ரொம்பப் பெரிய ஜன்னல்கள். வெளிச்சத்தைக்கூட அந்தஸ்து பார்த்துப் பிரிச்சிருக்காங்க!

5/ சில ஜன்னல்கள் டம்மி. வெளிய கண்ணாடி, பின்னாடி புகைபோக்கி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணுமாம்.

6/ நூறு வருஷம் கழிச்சு, 1696-ல், அங்க ஜன்னலுக்கே வரி போட்டாங்க. மாளிகைக்காரங்களால கட்ட முடிஞ்சுது. ஏழைங்க குடியிருந்த வாடகை வீடுகள்ல ஓனருங்க ஜன்னலை அடைச்சுட்டாங்க. காத்தும் வெளிச்சமும் இல்லாம நோய் வருதுன்னு டாக்டர்களே எதிர்த்தாங்க. 1851-ல்தான் அந்த வரி ஒழிஞ்சுது.

7/ அங்க நிக்கும்போது என் பேஷன்ட் ஒரு அம்மா ஞாபகம் வந்துட்டாங்க. அவங்களுக்கு டிபி. வீட்ல மத்தவங்களை டெஸ்ட் பண்ணப்ப பொண்ணுக்கும் பாசிட்டிவ். நேர்ல போய்ப் பார்த்தேன். ஒத்தை ரூம், ஒரே ஜன்னல், அதை மறைச்சு பீரோ. "திறந்தா பக்கத்து வீட்டுச் சுவருதான் சார் தெரியும்"னாங்க.

8/ டிபி காத்துல பரவும். இருமும்போது வர்ற கிருமி அடைச்ச ரூம்ல மணிக்கணக்கா மிதக்கும். ஜன்னல், கதவு ரெண்டையும் திறந்து வெச்சா காத்தோட வெளிய போயிடும். அன்னைக்கே எல்லாரும் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம்.

9/ ரெண்டு பேரும் மாத்திரையை முழுசா முடிச்சு இப்ப நல்லா இருக்காங்க. "காலைல கொஞ்ச நேரம் வெயிலும் வருது சார்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

10/ உங்க வீட்ல ஏதாவது ஜன்னல் மறைஞ்சிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அரசு மருத்துவமனைக்கு வாங்க. சளி டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம்.