நூலிழையில் ஒரு ஆகாய யாத்திரை

மனிதன் தோன்றிய காலந்தொட்டு ஆகாயத்தை அண்ணாந்து நோக்கியே வந்திருக்கிறான். நோக்கியவன் முதலில் வணங்கினான், பின்னர்க் கணக்கிட்டான், இறுதியில் அதன்மீது ஏறவும் துணிந்தான். அவ்வாறு ஏறியவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவதற்கு நம் கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப்பகுதியில் இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. பௌதிக சாஸ்திரத்தில் நாம் தேர்ச்சியுடையோமல்லோம். நாம் பிறந்தது காஞ்சிமாநகரத்துப் பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெய்யும் ஒரு குடும்பத்தில். ஆதலின் ராக்கெட்டின் நெருப்பைக் காட்டிலும், அதில் ஏறியவனை மீட்டுத் தரும் துணியும் நூலுமே நம் கண்ணுக்கு முதலிற் படுகின்றன. அன்பர்கள் இக்குறையைப் பொறுத்தருள்வார்களாக.

1961-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ந் தேதி யூரி ககாரின் என்னும் 27 வயது இளைஞர் சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து ‘வஸ்தோக்’ என்னும் கலத்திலேறி, பூமியை ஒருமுறை வலம் வந்து, 108 நிமிஷங்களில் மீண்டார். இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின் அவர் தம் கலத்துக்குள் அமர்ந்தவாறே தரையிறங்கினாரல்லர் என்பதைப் பலர் அறியார். தரைக்கு மேல் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் அவர் ஆசனத்தோடு வெளியே எறியப்பட்டார். கலம் ஒரு பாரசூட்டிலும் அவர் மற்றொரு பாரசூட்டிலுமாகத் தனித்தனியே இறங்கினர். இச்செய்தியைச் சோவியத் அரசாங்கம் பல ஆண்டுகள் வெளியிடாது வைத்திருந்தது. மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றி வந்த அம்மனிதர், கடைசியில் ஒரு துணியையும் சில கயிறுகளையும் நம்பியே மண்ணை மிதித்தார்.

நம் ஊரார்க்கு இதன் உட்பொருளை எளிதில் விளக்கலாம். திருவிழாக் காலத்தில் தேரின் வடம் பிடிப்போர் எண்ணற்றவர். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்தவண்ணம் முட்டுக்கட்டை போடுகிறவர் சிலரே. தேரை ஓடச் செய்வதற்குப் பலம் போதும். வேண்டிய இடத்தில் திருப்பவும் நிறுத்தவும் கையும் கண்ணும் பழகியிருக்க வேண்டும். ஆகாய யாத்திரையிலும் ஏறுதல் ஒரு வித்தை. இறங்குதல் அதனினும் நுட்பமான வித்தை. ஏற்றத்தைப் பார்த்து உலகம் கைகொட்டுகிறது. இறக்கத்தில் தவறினாலோ ஒரு குடும்பம் அழுகிறது.

இவ்விஷயம் நம் வீட்டில் ஒரு வழக்காக எழுந்த வரலாற்றை இங்கே கூறுதல் பொருந்தும். கடந்த கோடை விடுமுறையில் நம் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினாள். பௌதிகம் படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. நம் வீட்டு நிலைமையோ வேறு. இரண்டு தறிகளில் ஒன்று ஓய்ந்து கிடக்கிறது. பட்டு நூலும் சரிகையும் விலையேறிவிட்டன. விசைத்தறியில் ஓட்டிய போலிச் சேலைகள் சந்தையில் மலிந்துவிட்டன. நம் தந்தையார் பதினைந்து நாள் குழித்தறியில் அமர்ந்து ஒரு கோர்வைச் சேலையை முடித்தால் கிடைக்கும் கூலி, வீட்டுச் செலவுக்கே பற்றுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ் நாள்தோறும் நம் தெருமுனைக்கு வருகிறது. அதில் ஏறினால் மாதம் பிறந்ததும் சம்பளம் நிச்சயம்.

நம் அம்மான் இவ்வழியையே வற்புறுத்தினார். “தம்பி, நீ படித்தவன், நீயே சொல். ஆகாயத்தில் நமக்கு என்ன வேலை? பாப்பா மூன்று வருஷம் சம்பளம் வாங்கினால் வீட்டுக் கடன் தீரும். படித்தால் இன்னும் ஒரு கடன் சேரும்” என்றார். அவர் கூற்றில் தீய எண்ணம் யாதுமில்லை. தாமே பதினாறு வயதில் தறியை விட்டுக் கூலி வேலைக்குச் சென்று மூன்று தங்கையரைக் கரையேற்றியவர் அவர்.

அப்பொழுது நாம் வாலந்தீனா தெரெஷ்கோவா என்னும் பெண்மணியின் சரித்திரத்தை எடுத்துரைத்தோம். 1937-ம் வருஷம் ருஷியாவில் யாரோஸ்லாவல் நகரையடுத்த ஒரு கிராமத்தில் பிறந்த அவர், இளமையிலேயே யுத்தத்தில் தந்தையை இழந்தார். தாயார் பஞ்சாலைத் தொழிலாளி. மகளும் முதலில் ஒரு டயர் தொழிற்சாலையிலும் பின்னர் நெசவாலையிலும் வேலை செய்தார். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியாகத் தொழிற்கல்வி பயின்றார். ஓய்வு நேரத்தில் விமானக் கழகமொன்றில் சேர்ந்து பாரசூட்டில் குதிக்கப் பழகினார். அப்பழக்கமே அவரை விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கச் செய்தது. 1963-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி ‘வஸ்தோக் 6’ கலத்தில் தனியொருவராய் ஏறி, பூமியை 48 முறை சுற்றி, மூன்றாம் நாள் இறங்கினார். அதுகாறும் பறந்த அமெரிக்க விண்வெளி வீரர் அனைவருடைய நேரத்தையும் கூட்டினாலும் அவர் ஒருவர் பறந்த நேரத்துக்கு ஈடாகவில்லை. தம் கலத்தின் திசையமைப்பில் ஒரு பிழை இருந்ததைத் தாமே கண்டு அறிவித்ததாகவும், திருத்தாது விட்டிருந்தால் கலம் இறங்குவதற்குப் பதிலாக மேலே சென்றிருக்குமென்றும் அவர் பல ஆண்டுகள் கழித்து வெளியிட்டார்.

இதைக் கேட்டதும் அம்மான் சற்றே மௌனமானார். ஆனால் நம் தங்கை விட்டாளில்லை. “அண்ணா, அவருக்குப் பிறகு எத்தனை பெண்கள் போனார்கள் என்பதையும் சொல்லுங்கள்” என்றாள். அவள் கேட்டது நியாயமே. தெரெஷ்கோவாவோடு பயிற்சி பெற்ற ஏனைய நான்கு பெண்களுள் ஒருவரேனும் பறக்கவில்லை. 1969-ல் அக்குழுவே கலைக்கப்பட்டது. அடுத்த பெண்மணியாகிய ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா மேலே செல்வதற்கு 1982 வரை, அதாவது 19 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு கதவு ஒருமுறை திறந்ததனாலேயே அது எப்போதும் திறந்திருக்குமென்று கொள்ளுதல் கூடாது. இதை நம் தங்கை நமக்கு முன்னரே அறிந்து வைத்திருந்தாள்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த நம் தந்தையார், பாவில் அறுந்த இழையொன்றை முடிந்தவாறே, “அந்தப் பாரசூட்டு பட்டா?” என்று வினவினார். முற்காலத்தில் பட்டே என்றும், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானியப் பட்டு கிடைக்காமற்போகவே அமெரிக்கர் நைலானுக்கு மாறினர் என்றும் கூறினோம். “அது விரியாமற் போனதுண்டா?” என்று மீண்டும் கேட்டார். உண்டு என்றோம்.

1967-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி விளாதிமிர் கமரோவ் என்னும் வீரர் ‘சோயூஸ் 1’ என்னும் புதிய கலத்தில் திரும்பியபோது, பெரிய பாரசூட்டு அதன் உறையினின்று வெளிப்படவில்லை. துணைப் பாரசூட்டோ சிக்குண்டு விரியாதொழிந்தது. கலம் தரையில் மோதி அவர் மாண்டார். விண்வெளிப் பயணத்தின்போது உயிர் துறந்த முதல் மனிதர் அவரே. அதன்பின் சோவியத் நாட்டார் ஒன்றரை ஆண்டுக் காலம் எவரையும் மேலே அனுப்பாது கலத்தைத் திருத்தினர்; 1968 அக்டோபரிலேயே ‘சோயூஸ் 3’ ஒரு வீரரோடு புறப்பட்டது. தந்தையார் இதைக் கேட்டு, “அறுந்த இழையை முடியாமல் மேலே நெய்தால் சேலை முழுதும் கோடு விழும். நிறுத்தினார்களே, அது நல்ல வேலை” என்றார். பௌதிகம் பயிலாத ஒருவர் ஒரு பெரிய சாஸ்திர முறையை இவ்வளவு சுருக்கமாகக் கூறியதை நாம் அதற்குமுன் கேட்டதில்லை.

உள்ளபடியே விண்வெளிச் சரித்திரத்தின் பல பக்கங்கள் தையலும் இணைப்பும் பற்றியவையே. 1965-ம் வருஷம் மார்ச் மாதம் 18-ந் தேதி அலெக்ஸி லியோனவ் கலத்தை விட்டு வெளியே வந்து சுமார் 12 நிமிஷம் வெற்றுவெளியில் மிதந்தார். காற்றில்லாத அவ்விடத்தில் அவருடைய உடை உப்பி விறைத்துப்போகவே, உட்புக வழியின்றி, உடையிலிருந்த காற்றைச் சிறிது சிறிதாக வெளிவிட்டே மீண்டார். 1971-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி ‘சோயூஸ் 11’ திரும்பியபோது ஒரு வால்வு உரிய காலத்துக்கு முன் திறந்து கலத்தின் காற்று முழுதும் வெளியேறியது. காற்றடைத்த உடை அணியாதிருந்த மூன்று வீரர்களும் மாண்டனர். அதுமுதல் ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வுடை அணிதல் விதியாயிற்று. சந்திரனில் நடந்த அமெரிக்கர் அணிந்த உடையைத் தைத்தவரோ, பெண்டிர் ஆடை தைத்துப் பழகிய ஒரு நிறுவனத்துத் தையற்காரிகள். படலத்தின்மேல் படலமாக அடுக்கி அவர்கள் தைத்ததில் ஒரு தையல் பிசகியிருந்தால் அவ்வீரர் உயிர் தப்பியிரார். கோர்வையில் உடலும் கரையும் சேருமிடம் எத்துணை உறுதியாயிருக்க வேண்டுமென்பதை அறிந்த நம் ஊரார் அத்தையற்காரிகளை உறவினராகவே எண்ணலாம்.

நம் தேசத்தின் வரலாற்றையும் இங்கே நோக்குதல் வேண்டும். 1984-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி ராகேஷ் சர்மா ‘சோயூஸ் டி-11’ கலத்திலேறி, ‘சல்யூத் 7’ நிலையத்தில் தங்கி, 11-ந் தேதி மீண்டார். எடையற்ற நிலையில் யோகப் பயிற்சி உடலுக்கு எவ்வாறு உதவுமென்பதை அவர் அங்கே பரீக்ஷித்தார். கர்னாலிற் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கல்பனா சாவ்லா 1997-ல் முதன்முறை பறந்தார். 2003-ம் வருஷம் பெப்ரவரி மாதம் 1-ந் தேதி, திரும்பும் வழியில், ‘கொலம்பியா’ கலம் சிதைந்தபோது மற்ற அறுவரோடு உயிர் நீத்தார். அவரும் இறக்கத்தில் அழிந்தவரே.

சர்மாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பின்னர், 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 25-ந் தேதி சுபான்ஷு சுக்லா புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15-ந் தேதி திரும்பினார். நம் நாட்டின் சொந்தக் கலமாகிய ‘ககன்யான்’ திட்டத்துக்கு 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வருள் அவர் ஒருவர். மற்றொருவராகிய அஜித் கிருஷ்ணன் சென்னையிற் பிறந்தவர். அத்திட்டத்துக்குரிய எஞ்சின்கள் திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டன. அக்கலத்தை மெதுவாக இறக்குவதற்கு நான்கு வகையான 10 பாரசூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிய வேண்டும். அவை ஆக்ராவிலுள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டவை. 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி ஒரு மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரிலிருந்து கீழே விட்டு அவற்றைச் சோதித்தனர். மனிதன் ஏறுவதற்கு முன்னரே இறங்கும் வழியைச் சரிபார்த்துக் கொள்ளும் இம்முறை மெச்சத்தக்கது.

இவற்றையெல்லாம் கேட்டபின் அம்மான் தங்கையை நோக்கி, “அந்த நால்வரில் பெண் உண்டா, பாப்பா?” என்றார். “இல்லை, மாமா. நால்வரும் விமானப்படை ஆடவர். ஆனால் எனக்கு ஏற வேண்டும் என்பதில்லை. ஏறுகிறவர் இறங்கும் துணியைச் சோதிக்கும் இடத்தில் நான் நிற்க வேண்டும். நூலின் பலம் எனக்குத் தெரியும், அதைக் கணக்கில் எழுதத்தான் இன்னும் தெரியாது” என்று அவள் விடை பகர்ந்தாள். நாம் கூறிய நெடுங்கதையனைத்தினும் அவ்விரண்டு வாக்கியங்களே வலியவை.

வழக்கு அன்று தீர்ந்துவிடவில்லை. தந்தையார் ஒரு வாரம் ஒன்றும் கூறாதிருந்தார். எட்டாம் நாள், ஓய்ந்து கிடந்த தறியை விற்றுவிடுவதென்று முடிவு செய்தார். அம்மான் வந்து அதைத் தடுத்து, தம் மடியிலிருந்த பணத்தை எண்ணி வைத்து, “என் எண்ணம் மாறவில்லை. மூன்று வருஷம் நீண்ட காலம். ஆனாலும் தறியை விற்காதீர்கள், மாமா” என்றார். அப்பணம் முதற்பருவக் கட்டணத்துக்கே போதும். இரண்டாம் பருவத்துக்கு நாம் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிச் சேர்த்து வருகிறோம். நம் தங்கை இப்போது பௌதிக வகுப்பில் முதலாண்டு மாணவி. அவள் ஆசை நிறைவேறுமோவென்று இன்று எவரும் உறுதி கூறவியலாது. பாவு இப்போதுதான் பூட்டப்பட்டிருக்கிறது. சேலை இனிமேல்தான் நெய்யப்பட வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நம் கலாசாலை விடுதிகளில் இவ்வாறு ஒரு தறியின் மீதோ, ஒரு காணி நிலத்தின் மீதோ, ஒரு தாயின் வளையலின் மீதோ தொங்கிக்கொண்டு படிப்பவர் பலர் இருக்கின்றனர். அவர்கள் வகுப்பில் பேசுவது குறைவு. கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கும்போது முகம் வாடியிருப்பர். ராக்கெட்டு எழும்பும்போது கைகொட்டுதல் எளிது. அருகிலிருப்பவன் இறங்கும் கயிறு அறாதிருக்கிறதா என்று நோக்குவதும் கல்வியின் ஒரு பகுதியே. பழைய மாணவர்களாகிய பெரியோர்கள் தம் காலத்துத் துன்பங்களை எண்ணி, இந்நூலிழைகளில் ஒன்றிரண்டைத் தாங்க முன்வருவார்களாயின், எங்கோ ஒரு வீட்டில் ஒரு தறி விற்கப்படாதிருக்கும். அதுவே நாம் வேண்டுவது.