சைபர் காட்டும் மீற்றர்

ஹாட்வெயார் கடையில் மஞ்சள் மல்டி மீற்றர்கள் தொங்குகின்றன. பக்கத்தில் கோழிக்கூட்டு வலை, தூண்டில் நரம்பு.

முகப்பில் 1000 வோல்ற் என்று அச்சு. பின்மூடியைக் கழற்றினால் சின்னக் கண்ணாடிப் பியூஸ். அதன் தொப்பியில் 250.

வாங்கும்போது யார் கழற்றிப் பார்க்கிறார்?

கறுப்பு வயருக்கு ஒரு துளை. சிவப்புக்கு இரண்டு.

10 அம்பியர் துளைக்குப் பின்னால் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு. சிவப்பை அதில் விட்டபடி பிளக் பொயின்றில் குத்தினால் லைனையும் நியூற்றலையும் நேரே முடிந்துவிட்டதாக அர்த்தம். மலிவு மீற்றர் பலவற்றில் இந்தத் துளைக்குப் பியூஸே இல்லை. இல்லை என்பதையும் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், எறும்பு எழுத்தில்.

நேர்மைதான்.

நல்ல மீற்றரில் பீங்கான் பியூஸ். உள்ளே மணல். கம்பி உருகித் தீப்பொறி நீளும்போது மணலும் உருகிக் கண்ணாடிபோல் இறுகி அதை அணைக்கிறது.

எங்கள் கடலோரப் பாலமுனையில் மணலுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பியூஸ்தான் கடையில் இல்லை.

"சைபர் காட்டுது காக்கா. கரண்ட் இல்ல."

கரண்ட் இல்லாவிட்டாலும் சைபர். உள்ளே வயர் அறுந்திருந்தாலும் சைபர். முனையில் களிம்பு ஏறியிருந்தாலும், குமிழ் தவறான இடத்தில் நின்றாலும் சைபர்.

எந்தச் சைபர் இது?

பழைய வயறிங்காரர் செய்வது: கரண்ட் இருப்பது தெரிந்த பொயின்றில் முதலில் குத்துவார். 230 வரவேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடம். சைபர். திரும்பவும் முதல் பொயின்ற். நடுவில் மீற்றர் செத்துப்போயிருக்கலாம் அல்லவா.

மூன்றாவது குத்தைத்தான் இளம் பொடியன்கள் விட்டுவிடுகிறார்கள்.

நேர்மாறும் உண்டு. கழற்றிவிட்ட வயரில் 70, 80 வோல்ற். பக்கத்தில் ஓடும் லைனின் சாயல் அது. ஒரு பல்பைக் கோர்த்தால் காணாமல் போகும். ஆனால் பல்பைக் கோர்க்காமல் "சாயல்தான்" என்று தொடக்கூடாது.

உப்புக் காற்று. செம்பு முனை கறுத்து, பிறகு பச்சை. இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு "பீப்" கேட்காமல் எதையும் அளக்க வேண்டாம்.

ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அளக்கச் சொல்வார்கள். இரு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சைக் கடக்கும்.

சாரனுக்கு ஏது பை?

கறுப்பு முனையில் முதலைக் கவ்வி மாட்டினால் ஒரு கை மிச்சம். 

30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்பார்கள். ஒரு கையில் லைன், மறு கையில் நியூற்றல் என்றால் அதற்கு நீங்களும் ஒரு பல்ப்.

மீற்றரில் கெட் 2, கெட் 3, கெட் 4 என்றும் இருக்கும். பொயின்றில் செருகும் சாமானுக்கு 2. வீட்டு போர்டுக்கு 3. கம்பத்திலிருந்து வயர் இறங்கும் இடத்துக்கு 4. கம்பத்தை நெருங்க நெருங்க இலக்கம் ஏறும். இடி இறங்கினாலும் பெரிய மோட்டார் நின்றாலும் லைனில் ஒரு கணம் ஆயிரக்கணக்கில் துள்ளும். அதைத் தாங்குமா என்பதற்கான இலக்கம். மலிவுப் பெட்டியில் 3 என்று அச்சடிக்க மையைத் தவிர வேறு செலவில்லை.

மஃரிபுக்குப் பிறகு பொயின்றில் 209 வோல்ற். இலங்கையில் அனுமதி 230க்கு மேலும் கீழும் 6 வீதம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244. பிரிஜ் முனகுகிறது.

2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் ஆளாளுக்கு இன்வேர்ட்டர். அதன் அலை சதுரம் சதுரமாய் வந்தால் மலிவு மீற்றர் சொல்லும் எண் பொய்.

இந்த மல்டி மீற்றரின் பழைய கதையில் ஒருவர் டொனல்ட் மெகடி. பிரித்தானியத் தபால் துறைப் பொறியியலாளர். அளப்பதற்கென்று தனித்தனியாக மூன்று கருவி சுமந்து அலுத்தவர். 1923இல் சந்தைக்கு வந்த ஏவோ மீற்றர் அவருடைய யோசனை. பிற்கால ஏவோவில் அளவு மீறினால் ஒரு பொத்தான் துள்ளி இணைப்பை அறுக்கும். பொத்தானை அமுக்கிவிட்டு மறுபடி அளக்கலாம்.

வயல் பக்கம். யானை வேலியில் பல ஆயிரம் வோல்ற், கண நேரத் துடிப்பாக. தொட்டவன் உதறிக்கொண்டு ஓடுகிறான். பன்றிக்கென்று களவாக இழுத்த கம்பியில் வெறும் 230. அதில் யானையே சாகிறது.

வீட்டு மீற்றரை யானை வேலியில் வைக்கக்கூடாது. எண் தாறுமாறாய் ஓடும், மீற்றரும் போகும். வேலிக்கென்று தனி மீற்றர் உண்டு. அதன் ஒரு முனையை நிலத்தில் குத்தவேண்டும்.