அறிவுரையா, ஆணையா?

மனநல மருத்துவமனையில் ஒருவரைத் தனியறையில் வைத்துப் பூட்டினால், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்? செவிலியர்கள் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, மருத்துவர் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. இங்கிலாந்தில் 1999-ல் வந்த நடைமுறைக் கையேடு அப்படித்தான் சொன்னது. இந்தக் கையேட்டை அமைச்சர் வெளியிட வேண்டும் என்று 1983-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 118-ம் பிரிவு சொல்கிறது. அதைப் பின்பற்றியே ஆக வேண்டுமா என்பதை மட்டும் அந்தப் பிரிவு அன்று சொல்லவில்லை! வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

லிவர்பூலுக்கு அருகே ஆஷ்வர்த் என்றொரு உயர்பாதுகாப்பு மனநல மருத்துவமனை இருக்கிறது. அது தனக்கென்று தனி விதி எழுதிக்கொண்டது. முதல் நாள் கையேட்டின்படி நடக்கும். அதன்பின் நாளாக ஆக, மருத்துவர் வரும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். கையேடு சாதாரண மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது, எங்கள் நோயாளிகள் வேறு மாதிரி என்பது அவர்கள் வாதம்.

அங்கே நாட்கணக்கில் பூட்டிவைக்கப்பட்ட ஒரு நோயாளி வழக்குப் போட்டார். 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2005-ல் பிரபுக்கள் சபை (அன்றைக்கு அந்த நாட்டின் கடைசி நீதிமன்றம் அதுதான்) அதைப் புரட்டிப் போட்டது. 5 நீதிபதிகளில் 3 பேர் மருத்துவமனையின் பக்கம். கையேடு ஆணை அல்ல, அதற்காக வெறும் அறிவுரையும் அல்ல என்றார் பிங்ஹாம் பிரபு. விலகுவதென்றால் வலுவான காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை நீதிமன்றம் துருவிப் பார்க்கும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லா நோயாளிக்கும் ஒரே அளவுகோல் என்றால் மருத்துவர் எதற்கு? ஆனால் ஒரு மருத்துவர் தன் முன்னால் இருக்கும் ஒரு நோயாளியைப் பார்த்து, யோசித்து விலகுவது வேறு. இனி வரப்போகிற எல்லோருக்கும் சேர்த்து விலகலையே விதியாக எழுதிவைப்பது வேறு. மேல்முறையீட்டு நீதிமன்றம் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஸ்டெய்ன் பிரபுவுக்கும், இப்படியே விட்டால் ஆளாளுக்கு ஒரு விதி வைத்துக்கொள்வார்களே என்ற கவலை. பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு, அடுத்து யார் எப்போது வருவார்கள் என்பதை விடப் பெரிய சட்டக்கேள்வி என்ன இருக்க முடியும்?

2007-ல் வந்த திருத்தம், மருத்துவர்கள் கையேட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதியது. கவனியுங்கள், கருத்தில் கொள்ளத்தான், கடைப்பிடிக்க அல்ல. அந்த நோயாளி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 2012-ல் அங்கேயும் தோற்றார். 2015-ம் ஆண்டுக் கையேடோ, விலகினால் ஏன் விலகினீர்கள் என்று எழுதிவையுங்கள் என்கிறது.