மெக்கானிக்கும் மெஷினிஸ்டும்

சொற்களைப் பிரித்தறியும் ஆற்றல் கற்றோர்க்கே உரியதென்று பலரும் எண்ணுவர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்ட மாணவனுக்கு அவ்வெண்ணம் சிறிது மிகுந்திருத்தல் இயல்பன்றோ? அச்செருக்கு அடங்கிய வரலாற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு உரைக்க விழைகின்றேன்.

எம் இல்லம் அம்பத்தூரில் உள்ளது. இங்குத் தொழிற்பேட்டை தோன்றியது 1964-ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே, 1961-இல், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டிருந்தது. ஆதலின், பூவிருந்தவல்லி வரையுள்ள இப்பக்கத்து ஊர்களில் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர் முதலிய ஆங்கிலப் பெயர்கள் நெடுங்காலமாக வீட்டுச் சொற்களாகவே வழங்கி வருகின்றன. யானும் அவற்றைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால் பொருளை ஒருநாளும் வினவியதில்லை.

எம் அண்டை வீட்டுப் பெரியவர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் முப்பது ஆண்டுகளாக லேத்து வேலை செய்பவர். அவருடைய மைந்தன் ஐ.டி.ஐ.யில் ஈராண்டு பயின்று தேறியவன். ஒருநாள் மாலை பெரியவர் ஒரு விளம்பரத்துடன் வந்து, “தம்பி, நீங்கள் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை, இவனுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்” என்றார். சான்றிதழில் ‘மெஷினிஸ்ட்’ என்றிருந்தது. விளம்பரத்திலோ மெஷினிஸ்ட், மெக்கானிக் ஆகிய இரண்டும் இருந்தன. இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து பிறந்த சொற்கள் என்பதை யான் படித்திருந்தேன். ஆகவே பொருளும் ஒன்றே எனத் துணிந்து, செவிக்கு இனிதாய்த் தோன்றிய ‘மெக்கானிக்’ என்பதையே எழுதினேன். அவனும் என்னை நம்பிக் கையொப்பமிட்டான்.

அழைப்பு வந்தது. சென்றவனைப் பழுதுற்ற காற்றழுத்த இயந்திரம் ஒன்றின் முன் நிறுத்திக் குறையைக் கண்டு திருத்தச் சொன்னார்களாம். அவன் பயின்றது அதுவன்று, விழித்து நின்றான். உண்மை தெரிந்தபொழுது மெஷினிஸ்ட் இடங்கள் நிரம்பிவிட்டிருந்தன. என் ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் வருவாய் தவறிற்று.

பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பட்டறைக்கு ஒருமுறை வாருங்கள், தம்பி” என்று மட்டும் சொன்னார். சென்றேன். முதலில் தம் லேத்தைக் காட்டினார். இரும்புத் தண்டு விரைந்து சுழன்றது; வெட்டும் உளி சுழலாது அதனைத் தொட்டுச் சீவிற்று. “வேலைப் பொருள் சுற்றினால் டர்னர் வேலை” என்றார். அடுத்து மில்லிங் இயந்திரம். அங்கே பல்லுள்ள கட்டர் சுழன்றது. மேசைமேல் இறுகப் பிணிக்கப்பட்ட இரும்பு மெல்ல நகர்ந்து அதனிடம் வந்தது. “இது என் பையன் படித்தது, மெஷினிஸ்ட் வேலை.” ஒரு மூலையில் ஒருவர் வைஸில் பிடித்த துண்டை அரத்தால் ராவி, மற்றொன்றோடு பொருத்திப் பொருத்திப் பார்த்தார், அவர் பிட்டர். “இந்த இயந்திரங்கள் நின்றுபோனால் வந்து சரிசெய்பவர் மெக்கானிக். அவர் இல்லாவிட்டால் எங்களுக்கு வேலையில்லை, ஆனால் எங்கள் வேலை அவருக்குத் தெரியவேண்டுமென்பதும் இல்லை” என்று முடித்தார்.

நாலைந்து வாக்கியங்களில் அவர் வகுத்த இலக்கணம் என் அகராதியில் இல்லை. யான் வேரை அறிந்தேன், கனியை அறிந்திலேன். நம் தமிழிலும் இதற்கு ஒப்புண்டு. மோர் கடைவதும் மரத்தைக் கடைசல் பிடிப்பதும் ‘கடை’ என்னும் ஒரே வினையிற் பிறந்தவை. அதுகொண்டு மோர் கடைபவரைக் கட்டிற்காலுக்குக் கடைசல் பிடிக்க அழைப்பார் உளரோ?

பிறகு கவனித்ததில், இத்தகைய இரட்டைகள் பல அகப்பட்டன. எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டும் நமக்கு ஒன்றே; ஐ.டி.ஐ.யிலோ அவை தனித்தனிப் படிப்புகள். எஞ்சினீயர் என்றால் நாம் பட்டம் பெற்றவரை எண்ணுகின்றோம். இங்கிலாந்திலோ வீட்டுக்கு வந்து துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவரையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

அடுத்த விளம்பரம் வந்தபொழுது, யான் பேனாவைத் திறக்குமுன் அம்மைந்தனை அருகிருத்தி, “நீ நாள்தோறும் கையால் செய்யக்கூடியது என்ன?” என்று வினவினேன். அவன் சொல்லச்சொல்ல எழுதினேன். இம்முறை வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தன்று இனிப்புடன் வந்த பெரியவர், “இங்கிலீஷ் நன்றாக எழுதியிருந்தீர்கள், தம்பி” என்றார். அவ்வாங்கிலம் அவர் கற்பித்தது என்பதை அவர் அறியார்.

அன்பர்களே, நம்மிற் பலர் நாளை பிறர்க்காக விண்ணப்பங்களும் சான்றுகளும் எழுதும் நிலையை அடைவோம். ஒருவர் தொழிலின் பெயரை எழுதுமுன் அவரையே ஒருமுறை கேட்போமாக. நமக்கு அது ஒரு சொல். அவர்க்கு அது உணவு.